இறங்கச் சொன்னவன்

கார்த்திகை 2, திங்கள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் சின்ன மருமகள் பாண்டிமீனா. பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள். பேச்சைப் பேசியபடியே போடு, மற்றதைப் புத்தகத்தில் இருப்பதுபோல எழுது என்று சொல்லியிருக்கிறேன். கோர்ட்டுக்குப் போகப்போகிற நோட்டு.

யார் வந்து மிரட்டினார்கள், யார் கை வைத்தார்கள், யார் என்ன பேசினார்கள், எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள் என்று வக்கீலம்மா சொன்னார். பெரியவருக்கு ஞாபகம் நல்லா இருக்கு, அதுதான் இந்தக் கேஸுக்குப் பலம் என்றும் சொன்னார். அது உண்மை. ஐம்பத்தாறு வருஷத்தில் நான் வெட்டிய ஒவ்வொரு குழியும் எந்த வீட்டில், எத்தனை சிமெண்ட் உறை, எந்த மண் என்று கேட்டால் சொல்லுவேன்.

நடந்தது இது. ஐப்பசி 27, புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு என் இளைய மகன், இவள் புருஷன் அழகுமலை, பூசாரிக்குளம் கண்மாய்க்கரையில் தனுஷ்கோடி கட்டுகிற புது வீட்டுக் கக்கூஸ் தொட்டிக்குள் செத்துப்போனான். வயசு முப்பத்தொன்று. தொட்டி புதுசு. ஒரு சொட்டு அசிங்கம்கூட இன்னும் அதில் விழவில்லை. கூரைக் கான்கிரீட்டுக்கு முட்டுக்கொடுத்த சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்க இறங்கினான், ஏறவில்லை.

வீட்டுக்காரர் தனுஷ்கோடி, அவன் குடித்துவிட்டுப் பலகை திருட இறங்கினான் என்கிறார். வேலை நாளில் அழகுமலை குடிக்கமாட்டான். அந்த வீட்டைக் கட்டுகிற கொத்தனார் சேவுகன்தான் முந்தின நாள் சாயந்திரம் போன் போட்டு எங்களைப் பலகை பிரிக்க அனுப்பினான். இப்போது அவன், மூடியத் திறந்து போட்டுட்டு வாங்க, மறுநாள் இறங்கிக்கலாம் என்றுதான் சொன்னேன் என்கிறான். ஆக, இறங்கச் சொன்னது யார் என்பதுதான் கேஸ்.

நான் அப்போது மெயின்ரோட்டுக் கடைக்கு டீ வாங்கப் போயிருந்தேன். ஸ்டேஷனிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. இங்கேயும் எழுதிக்கொள்.

பிணவறை வாசலில் என் மூத்த மகன் சோணை சேவுகனைப் பிடித்துச் சுவரில் மோதினான். உதடு கிழிந்து, முன்பல் ரெண்டு தரையில் விழுந்தது. நாலு பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள். அப்போது சோணை எல்லார் முன்னாலும் சொன்னது: "எந்தம்பிய எறங்கச் சொன்னவன் தலை கருமாதிக்குள்ள தரையில கெடக்கும். இல்லைன்னா கருமாதியும் கெடையாது, எனக்கு மொட்டையும் கெடையாது."

கருமாதி வருகிற பன்னிரண்டாம் தேதி, வியாழக்கிழமை.


கார்த்திகை 3, செவ்வாய்

வக்கீலம்மா வந்தார். அந்த வீட்டுக்கு ஏன் நாலு பக்கமும் அடியும் அடைத்த கான்கிரீட் தொட்டி போட்டீர்கள், மற்ற வீடுகளில் உறை இறக்குகிறார்களே என்று கேட்டார். ஜட்ஜுக்கு விளங்க வேண்டுமாம். விளங்கும்படியே சொன்னேன். இதையும் எழுது.

மண்ணைப் பார்த்துத்தான் குழி. தண்ணீர் ஆழத்தில் கிடக்கிற செம்மண்ணில் நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒற்றை உறைக்குழி போதும். ஆறேழு சிமெண்ட் வளையம், அதுதான் உறை, இறக்கி அடியை மண்ணாகவே விட்டால் தண்ணீரை மண் குடித்துக்கொள்ளும். என் பதினெட்டாவது வயசில் அப்படி ஒரு குழியில் மண் சரிந்து, என்னோடு வேலை பார்த்த பெரியணன் கழுத்துவரை புதைந்தான். மண்வெட்டி பட்டால் செத்துவிடுவான் என்று கையால் தோண்டினேன். மண் மூக்கைத் தொட்டபோது தாடையைப் பிடித்து இழுத்தேன். தாடை கழன்று போனது, ஆள் பிழைத்தான். பக்கத்துக்குப் பலகை கொடுக்காமல் வெட்டியதற்கு என் மேஸ்திரி அன்று என்னைச் செருப்பால் அடித்தார். அந்த அடியில்தான் எனக்குத் தொழில் படிந்தது.

அதே செம்மண்ணில் கொஞ்சம் வசதியான ஆள் என்றால் இரட்டைக்குழி. ஒன்று நிறைந்ததும் அதை அடைத்துவிட்டு மற்றதில் விடவேண்டும். அடைத்ததை ரெண்டு வருஷம் தொடக்கூடாது. அப்புறம் திறந்தால் காப்பித்தூள் மாதிரி மக்கிக் கிடக்கும், வாடையே இருக்காது. வைகையில் பெரிய வெள்ளம் வந்த வருஷம் ஒரு பஸ் கண்டக்டர் ரெண்டு குழிக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, ரெண்டும் பொங்கி அடுத்த வீட்டு அடுப்படிக்குள் போய்விட்டது. அடுத்த வீட்டுக்காரன் கடப்பாரையால் ஒரே போடு. கண்டக்டரின் மண்டை திறந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்ததை நான் பார்த்தேன். சாட்சியும் சொன்னேன்.

ஆள் அதிகம் புழங்குகிற வீட்டுக்கும் வாடகைக்கு விடுகிற வீட்டுக்கும் அறை தடுத்த தொட்டி. கசடு முதல் அறையில் தங்கும், தெளிந்த தண்ணீர் கடைசி அறையிலிருந்து பக்கத்தில் உள்ள உறிஞ்சுகுழிக்குப் போகும். கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடியாவது இருக்கவேண்டும். வெளியே போகிற குழாய், உள்ளே வருகிற குழாயைவிடத் தாழ்ந்து இருக்கவேண்டும். சோணை பதினாறு வயசில் அதை மாற்றி வைத்துவிட்டான். கொத்துக்கரண்டியின் ஓரத்தால் ஒன்று வைத்தேன். புருவத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒருநாளும் மாற்றி வைத்தது கிடையாது.

கரிசல் மண் தண்ணீர் குடிக்காது. அங்கே உறிஞ்சுகுழி வெட்டினால் கிணறு மாதிரி நிறைந்து நிற்கும். தொட்டித் தண்ணீரை நீளமான வாய்க்கால் வெட்டி ஜல்லி போட்டு விடவேண்டும், மேலே கல்வாழை நட்டால் அது கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். பாறையில் ரெண்டடிக்கு மேல் இறங்க முடியாது என்றால் கடையில் விற்கிற பிளாஸ்டிக் தொட்டி. அதைப் புதைக்கும்போது உள்ளே தண்ணீர் நிரப்பிக்கொண்டு மண் தள்ளவேண்டும், வெறுமனே தள்ளினால் நசுங்கிவிடும்.

கண்மாய்க்கரை வேறு. மழைக்காலத்தில் நாலடியிலேயே ஊற்று. உறை இறக்கினால் அசிங்கமும் குடிதண்ணீரும் ஒன்றாகிவிடும். அங்கே எல்லாப் பக்கமும் அடைத்த தொட்டிதான், நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சவேண்டும். அதனால் தனுஷ்கோடிக்கு அதைச் சொன்னது நான். பன்னிரண்டுக்கு ஆறு, ஆழம் ஏழு அடி. கூரையில் ஆள் இறங்குகிற வாய் ரெண்டு வைக்கச் சொன்னேன், சேவுகன் ஒரு வாய்தான் வைத்தான். இதை வக்கீலம்மா ரெண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.

வைகாசியில் கூரை போட்டார்கள். இருபத்தோரு நாளில் பலகையைப் பிரித்திருக்கவேண்டும். வீட்டுக்காரர் ஆடிக்கு வேலையை நிறுத்தினார், அப்படியே ஐப்பசி ஆகிவிட்டது. ஆடு மாடு விழுந்துவிடும் என்று வாயில் மூடியை வைத்துச் சிமெண்ட் பால் ஊற்றி அடைத்தோம். குழாய்த் துளை வழியாக மழைத்தண்ணீர் கசிந்து, உள்ளே பலகையெல்லாம் ஊறி அழுகியிருக்கிறது. தீயணைப்புக்காரர் சொன்னார், அஞ்சு மாசம் அழுகுன பலகை உள்ள இருந்த காத்த எல்லாம் குடிச்சிருச்சு பெரியவரே, வாடை பெருசா இல்லாமயே ஆளைக் கொல்லும் என்று.

ஐம்பத்தாறு வருஷத்தில் இது எனக்குத் தெரியாது. பழைய தொட்டி என்றால் ஒரு நாள் திறந்து போடுவோம், விளக்கை இறக்கி அணைகிறதா என்று பார்ப்போம். புதுத் தொட்டிக்கு யார் விளக்கு இறக்குகிறார்கள்.


கார்த்திகை 4, புதன்

சோணை அருவாளைப் பட்டறைக்குக் கொண்டுபோய்த் தீட்டிக்கொண்டு வந்தான். இது கோர்ட்டுக்கு வேண்டாம் என்றேன். பாண்டிமீனா எழுதிவிட்டாள். பிறகு அடித்துக்கொள்ளலாம்.


கார்த்திகை 5, வியாழன்

பகல் பதினோரு மணிக்கு ஏழு பேர் மூன்று வண்டியில் வந்தார்கள். சேவுகனின் மச்சினன் மலைராசு முன்னால் வந்தான். மற்றவர்கள் பெயர் தெரியாது, முகம் தெரியும், காட்டச் சொன்னால் காட்டுவேன். சேவுகன் வரவில்லை.

சோணை எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்றேன். வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மைக் கடப்பாரையால் குத்தினார்கள். ஒருவன் அழகுமலையின் வண்டியைச் சாய்த்துப்போட்டுக் கல்லைத் தூக்கி அதன் மேல் போட்டான். மலைராசு என் நெஞ்சில் மிதித்தான். விழுந்தவன் எழுந்திருக்குமுன் விலாவில் இன்னும் ரெண்டு மிதி. "ஓம் மகன் பல்லைப் பேத்தான்ல, ஒங் குடும்பத்துல யாருக்கும் பல்லு இருக்கக் கூடாதுய்யா கெழவா" என்றான்.

பாண்டிமீனா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கஞ்சியைப் பானையோடு தூக்கி வந்து அவன் மேல் ஊற்றினாள். கழுத்தும் தோளும் தோல் சுருண்டுவிட்டது. அவன் கத்திய கத்தலில் தெருவே கூடியது. போகும்போது ஒருவன் அவள் முடியைப் பிடித்து இழுத்து வாசற்படியில் மோதினான். நெற்றியில் மூன்று தையல்.

தையல் போட்டுத் திரும்பிய உடனேயே இதை எழுதுகிறாள். நாளைக்கு எழுதலாம் என்றேன். தேதி தப்பக் கூடாது என்றாள்.


கார்த்திகை 6, வெள்ளி

விலா வலிக்கிறது. மழை. வேறொன்றும் இல்லை.


கார்த்திகை 7, சனி

சேவுகன் வந்தான். தனியாக வந்தான். டீக்கடைக்குப் பின்னால் நான் ஒதுங்கப் போனபோது சுவரோரமாக நின்றிருந்தான். உதடு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது, பேச்சில் காற்று போகிறது. நானும் அவனும் பத்தொன்பது வருஷம் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். நான் குழி வெட்ட, அவன் கட்ட.

மச்சினன் வந்தது தனக்குத் தெரியாது என்றான். பாண்டிமீனா நெற்றிக்காக என் காலைத் தொட்டான். செம்மண் மேட்டில் ஒரு வாத்தியார் வீட்டில் இரட்டைக்குழி வேலை, அதை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது, ஓடி ஒளியவும் முடியவில்லை என்றான். பிறகு ஒன்று கேட்டான்.

"அண்ணே, நான் அந்தப் பக்கமே வரல. அங்க இருந்தது யார் யாருன்னு எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். ஒரு வார்த்தை சோணைகிட்ட சொல்லிருங்கண்ணே. எனக்கு ரெண்டு பொம்பளப்புள்ளைங்க."

எனக்குத் தெரிந்ததை ஸ்டேஷனில் சொல்லியாயிற்று என்றேன். ரெண்டு வாய் வைக்கச் சொன்னேனே, ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். அது தப்புதான் என்றான். அவ்வளவுதான் நடந்தது.

அவன் எதைச் சொல்லச் சொன்னான் என்று பாண்டிமீனா கேட்டாள். பயந்தவன் எதையாவது உளறுவான் என்றேன்.


கார்த்திகை 8, ஞாயிறு

அன்று காலை நடந்ததை வரிசையாக ஒரு தடவை எழுதி வைக்கலாம் என்று பாண்டிமீனா சொன்னாள். வக்கீலம்மா கேட்டாராம். சரி என்றேன்.

ஏழே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அழகுமலை நீலக் கைலி, காக்கிச் சட்டை. மூடியின் சிமெண்டைக் கொத்திப் பெயர்க்க எட்டரை ஆனது. மூடியை மேற்குப் பக்கம் சாய்த்து வைத்தோம். உள்ளே முழங்கால் அளவு தண்ணீர், கறுப்பாக. முதல் பலகை கயிற்றில் மேலே வந்தபோது கறுத்து, மீன் மாதிரி வழுக்கியது. கையில் பிடிக்க முடியவில்லை.

பாண்டிமீனா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"மாமா, டீக்கடையில இருந்து அது தெரியுமா" என்று கேட்டாள்.

பிறகு பார்த்தது, அப்படி எழுது என்றேன்.

"முப்பது வருசத்துக்கு முந்தி வெட்டுன குழிக்கு எத்தனை உறைன்னு சொல்றீங்க. அன்னைக்கு டீ எத்தனை வாங்குனீங்க, யாரு போட்டுக் கொடுத்தா, அத மட்டும் இதுவரைக்கும் நீங்க சொல்லவே இல்ல."

கடையில் கூட்டம், கவனிக்கவில்லை என்றேன். நான் சொன்னபடியே எழுதினாள். அவள் கேட்டதையும் எழுதியிருக்கிறாள் என்று நினைக்கிறேன், பேனா நிற்கவே இல்லை. படித்துக் காட்டு என்று நான் கேட்கவில்லை.

ராத்திரி சோறு வைத்தாள். தட்டைக் கையில் தரவில்லை, கீழே வைத்துவிட்டுப் போனாள்.


கார்த்திகை 9, திங்கள்

காலையில் பஸ் ஸ்டாண்டு கழிப்பறை வாசலில் சோணை மலைராசுவைப் பிடித்திருக்கிறான். கஞ்சிக் காயத்துக்கு மருந்து கட்டப் போனவன். சோணை அவனுடைய வலது மணிக்கட்டை இரும்புக் குழாயால் நாலு முறை அடித்திருக்கிறான். எலும்பு வெளியே வந்துவிட்டது என்று சொல்கிறார்கள். போலீஸ் ரெண்டு தடவை வந்து பரணையெல்லாம் கிளறிப் போட்டுவிட்டுப் போனது.

மத்தியானம் நான் கண்மாய் மடைப் பக்கம் போனேன். சோணை அங்கே இருந்தான். சட்டையில் ரத்தம் காய்ந்து பழுப்பாக இருந்தது. மச்சினன் கணக்கில் வரமாட்டான், சேவுகன்தான் கணக்கு என்றான். புதன்கிழமை முடித்துவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய்விடுவானாம். கருமாதிக்கு மொட்டை ஜெயிலில் போட்டுக்கொள்வானாம்.

பகலில் வேண்டாம், நாலு பேர் பார்ப்பார்கள் என்றேன். பார்க்கட்டும் என்றான்.

சேவுகன் இப்போது எங்கே வேலை பார்க்கிறான் என்று கேட்டான். செம்மண் மேட்டில் வாத்தியார் வீட்டில் இரட்டைக்குழி போடுகிறான் என்றேன். கேட்டான், தெரிந்ததைச் சொன்னேன்.

இதை எழுதும்போது பாண்டிமீனா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் என் முகத்தைப் பார்த்து நான் கண்டதில்லை.


கார்த்திகை 10, செவ்வாய்

சாப்பிடவில்லை.

கருமாதிக்கு வாங்கவேண்டியதைப் பாண்டிமீனா எழுதிக்கொண்டிருந்தாள். நாளைக்கு என்ன நடக்கும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நோட்டை எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்து, எழுத ஏதாவது இருக்கா மாமா என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுபடி கேட்டாள். இல்லை என்றேன்.


கார்த்திகை 12, வியாழன்

பெரியாஸ்பத்திரியில் கட்டிலில் கிடந்தபடி சொல்கிறேன். வலது தோள்பட்டை எலும்பு ரெண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. காலையில் கருமாதி நடந்தது. சோணை இல்லாததால் பங்காளி மகன் மொட்டை போட்டுக்கொண்டான். தாலி இறக்கிய கழுத்தோடு பாண்டிமீனா சாயந்திரம் நேராக இங்கே வந்துவிட்டாள். வழக்கப்படி இன்றைக்கு அவள் வெளியே வரக்கூடாது. அவளிடம் அதைச் சொல்லும் துணிச்சல் யாருக்கும் இருந்திருக்காது.

முதலில் நேற்று நடந்தது.

காலை பத்து மணிக்கு ஷேர் ஆட்டோவில் செம்மண் மேட்டுக்குப் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதே, கால் போனது. வாத்தியார் வீட்டுக் கொல்லையில் ஒரு குழி முடிந்திருந்தது. ரெண்டாவது குழிக்குள் சேவுகன் மார்பளவு ஆழத்தில் நின்று உறையைச் சமன் பார்த்துக்கொண்டிருந்தான். சோணை எனக்கு முன்னால் வந்துவிட்டான். வண்டியை நிறுத்தாமல் அப்படியே கீழே விட்டுவிட்டு ஓடி வந்தான்.

குழிக்குள் நிற்கிறவன் எங்கே ஓடுவான். சேவுகன் ரெண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான். முதல் வெட்டு வலது முழங்கையில் விழுந்தது. பச்சை மட்டையைச் சீவிய மாதிரி சத்தம். சதை மடங்கித் தொங்கியது. ரத்தம் புது உறையின் ஓட்டை வழியாக வழிந்து மண்ணில் இறங்கியது. சேவுகன் கத்தவில்லை. "சோணை, சோணை" என்று பேரை மட்டும் சொன்னான்.

ரெண்டாவது வெட்டைக் கழுத்துக்கு ஓங்கினான். நான் குழிக்குள் விழுந்தேன். குதித்தேன் என்று சொல்லமாட்டேன், எழுபத்துநாலு வயசில் குதிக்க முடியாது, சரிந்து சேவுகன் மேல் விழுந்தேன். அவனுடைய ரத்தம் என் வாயில் பட்டது.

"விலகுப்பா" என்றான் சோணை.

"அவனில்லடா. நான்தான்டா எறங்கச் சொன்னேன்" என்றேன்.

சோணைக்கு முதலில் விளங்கவில்லை. கொலை விழுந்துவிடும் என்று பயந்து சேவுகனைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று நினைத்தான். மறுபடி சொன்னேன். டீக்கடை பொய் என்றேன். கயிறு என் கையில் இருந்தது என்றேன். அவன் முகம் மாறியதைக் கீழேயிருந்து பார்த்தேன். அருவாளைத் திருப்பிப் பிடித்தான். வெட்டு வாயால் வெட்டவில்லை, முதுகால் அடித்தான். தோளில் மூன்று அடி. முதல் அடியிலேயே எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. நாலாவது அடிக்கு ஓங்கியவன் அருவாளைக் கொல்லையில் வீசிவிட்டு, குழி விளிம்பில் உட்கார்ந்து தன் முகத்தில் தானே அறைந்துகொண்டான். போலீஸ் வரும்வரை அறைந்துகொண்டே இருந்தான்.

சேவுகனுக்கு உயிர் இருக்கிறது. கை இருக்கிறது, விரல் மடங்காது என்று டாக்டர் சொல்கிறார். அவன் கரண்டி பிடிக்கிற கை அது.

இதைச் சொல்லி முடித்ததும் பாண்டிமீனா நோட்டில் ஒரு கோடு போட்டாள். "இப்ப ஐப்பசி இருபத்தேழு சொல்லுங்க" என்றாள். மாமா என்று கூப்பிடவில்லை.

சொல்கிறேன்.

நான் டீக்கடைக்குப் போகவே இல்லை. மூடியைப் பெயர்த்ததும் அழகுமலை குனிந்து பார்த்துவிட்டுத் தலையை வெளியே இழுத்தான். "அப்பா, ஒரு மாதிரி மூச்சு முட்டுது. சேவுகண்ணன் சொன்ன மாதிரி இன்னைக்குத் தொறந்து கெடக்கட்டும், நாளைக்கு எறங்குவோம்" என்றான். ஆக, சேவுகன் அப்படிச் சொன்னது உண்மை. அழகுமலை என்னிடம் சொன்னான்.

எனக்குக் கோபம் வந்தது. எனக்குத் தொழில் சொல்லித்தர ஒருத்தனா என்று. புதுத் தொட்டியில் என்னடா முட்டும், ஈரப்பலகை நாற்றம் அது என்றேன். அவன் நகரவில்லை. பொண்டாட்டி சீலைக்குள் போய் ஒளிந்துகொள் என்றேன். அப்போதும் நகரவில்லை. பிடரியில் ஒன்று வைத்தேன். முப்பத்தொரு வயசுப் பிள்ளையைக் கை நீட்டி அடித்தேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான்.

முதல் பலகையைக் கட்டி அனுப்பினான். இழுத்தேன். ரெண்டாவதற்குக் கயிற்றை விட்டேன். கயிறு ஆடவில்லை. கூப்பிட்டேன். தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் ஒன்று. வாயில் தலையைக் கொடுத்துப் பார்த்தேன். குப்புறக் கிடந்தான், முழங்கால் தண்ணீரில். அதற்குள் எனக்கே கண் இருட்டிவிட்டது, வெளியே விழுந்தேன். நினைவு வந்து ரோட்டுக்கு ஓடினேன். அப்படி ஓடியதைத்தான் டீக்கடைக்குப் போனதாகச் சொன்னேன். போலீஸ்காரர் எங்கே இருந்தீர் என்று கேட்டபோது வாயில் அதுதான் வந்தது. வந்ததை மாற்ற எனக்குத் துணிச்சல் இல்லை. சோணை சேவுகனை அடித்தபோது, அடி எனக்கு விழவில்லை என்று ஒரு நிம்மதி இருந்தது. இதையும் எழுது.

எட்டாம் தேதியே தெரியும் என்றாள் பாண்டிமீனா.

"தெரிஞ்சும் ஏந்தாயி நீ சொல்லல" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா மூத்தவரு ஒங்களை வெட்டியிருப்பாரு. ஒங்க வாயால வரட்டும்னு தெனமும் நோட்டை எடுத்துட்டு வந்து ஒக்காந்தேன். வரல. அந்த மனுசன் கை போச்சு. அதுல பாதிப் பாவம் என்னோடது." அவள் சொன்னதையும் அவளே எழுதிக்கொண்டாள்.

பிறகு, இறங்கும்போது கடைசியாக அவர் என்ன சொன்னார் என்று கேட்டாள். தொட்டி வாயில் இடுப்புவரை இறங்கி நின்று என்னைப் பார்த்து ஒன்று சொன்னான். அதைச் சொன்னேன். பேனாவை மூடிவிட்டாள். இது எனக்கு, நோட்டுக்கு இல்லை என்றாள்.


கார்த்திகை 13, வெள்ளி

வக்கீலம்மா வந்துவிட்டுப் போனார். தனுஷ்கோடி மேலுள்ள கேஸ் நிற்கும், இனி என் பெயரும் அதில் வரும் என்றார். வரட்டும் என்றேன். சேவுகன் பெயரை எடுத்துவிடச் சொன்னேன்.

நேற்று எழுதியதற்குக் கைநாட்டு வைத்ததையும் எழுதச் சொன்னேன், எழுதுகிறாள். வலது கை கட்டுக்குள் இருப்பதால் இடது கட்டைவிரல். பாண்டிமீனாதான் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் வைத்தாள். தன் உள்ளங்கையை என் நகத்தின் மேல் வைத்து முழுப் பலத்தோடு அழுத்தினாள். அந்த அழுத்தலில் உடம்பு குலுங்கி உடைந்த தோளும் வலித்தது. போதும் தாயி, பதிந்துவிட்டது என்றேன்.

அவள் விடவில்லை.